ஓக் ரூம் கதவை யார் திறப்பது?

நியூயார்க் நகரப் பாரம்பரியச் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு உள்ளறையை நீங்கள் சின்னமாக அறிவிக்கலாம், ஆனால் உரிமையாளர் அதன் கதவைப் பூட்டுவதைத் தடுக்க முடியாது. அது உங்களுக்குத் தெரியாதது இல்லை. நீதிமன்றம் வரை போய் வந்த ஓட்டைதான். ஆனால் அதை அடைக்க யாரும் அவசரப்படுவதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

1965இல் மேயர் ராபர்ட் வாக்னர் கையெழுத்திட்ட சட்டம் முதலில் கட்டடங்களின் வெளிப்புறத்தை மட்டும்தான் காத்தது. 1973இல் அதைத் திருத்தினார்கள். அதன்பின் கட்டடத்துக்குள் இருக்கும் கூடங்கள், மண்டபங்கள், லாபிகள், உணவறைகள் ஆகியவற்றையும் நீங்கள் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கலாம் என்று ஆனது. அதற்குச் சில தகுதிகள் வேண்டும். இடத்துக்கு 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும். வரலாற்றிலோ அழகிலோ தனிச்சிறப்பு இருக்க வேண்டும். இவற்றோடு, அது பொதுமக்கள் வழக்கமாக வந்துபோகிற இடமாக இருக்க வேண்டும். அதாவது ஒரு கோடீஸ்வரர் தன் வீட்டு வரவேற்பறையை எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் அதை நீங்கள் தொட முடியாது. நாலு பேர் உள்ளே வந்து பார்க்கிற இடம் என்பதால்தான் அதன் மீது உங்களுக்கு அதிகாரமே வருகிறது.

சரி, அறிவிப்பு வந்துவிட்டது. மறுநாள் உரிமையாளர் கதவைப் பூட்டிவிட்டால்? மரப்பலகையில் ஒரு ஆணியை மாற்றுவதற்கு உங்களிடம் அனுமதி கேட்க வேண்டியவர், அந்த அறைக்குள் இனி யாரும் வரக் கூடாது என்று முடிவெடுக்க உங்களிடம் கேட்க வேண்டியதே இல்லை. இது எனக்குப் புரியவே இல்லை. எந்தக் காரணத்தைச் சொல்லி ஒரு அறையைச் சின்னமாக்கினோமோ, அந்தக் காரணம் போன பிறகும் சின்னம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சென்ட்ரல் பார்க்கின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் பிளாசா ஓட்டலை எடுத்துக்கொள்வோம். 1907 அக்டோபர் 1 அன்று திறந்தது. கட்டடக் கலைஞர் ஹென்றி ஜேன்வே ஹார்டன்பர்க். பார்க்கின் மேற்குப் பக்கம் இருக்கும் டக்கோட்டா அடுக்குமாடியும் அவர் வரைந்ததுதான். பிளாசாவின் தரைத்தளத்தில் ஓக் ரூம் என்று ஒரு அறை. ஓக் மரப்பலகைகள் பதித்த சுவர்கள், பவேரியக் கோட்டைகளின் ஓவியங்கள், கொஞ்சம் இருட்டு. மதுவிலக்குக் காலத்தில் மூடிக் கிடந்து, பிறகு திறந்தது. வார நாட்களில் மதியம் 12 முதல் 3 மணி வரை ஆண்களுக்கு மட்டும்தான் அனுமதி. 1969 பிப்ரவரி 12 அன்று பெண்ணுரிமைப் போராளி பெட்டி ஃப்ரீடனும் வேறு சில பெண்களும் உள்ளே போய் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவர்கள் உணவு கொண்டுவரவில்லை, மேசையையே தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வெறும் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சில மாதங்களில் அந்த விதியை ஓட்டல் கைவிட்டது.

அந்த அறைக்கு 2005 ஜூலையில் நீங்கள் பாதுகாப்பு கொடுத்தீர்கள். ஓக் பார், பாம் கோர்ட், டெர்ரஸ் ரூம், எட்வர்டியன் ரூம், பெரிய நடன மண்டபம், இரண்டு லாபிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். நல்ல காரியம். ஆனால் 2011இல் ஓக் ரூம் மூடப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் வாடகைக்கு எடுத்து விருந்து நடத்துகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கதவு திறந்தது. பெண்கள் போராடி உள்ளே நுழைந்த அறை கடைசியில் ஆண் பெண் என்ற பாகுபாடே இல்லாமல் எல்லோருக்கும் மூடிக்கொண்டது. சமத்துவம்தான், என்ன சொல்ல.

இந்த இடத்துக்கு எப்படி வந்தோம் என்று பார்க்க வேண்டும். 2004இல் எலாட் என்ற கட்டுமான நிறுவனம் பிளாசாவை 67.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2005 ஏப்ரல் கடைசியில் ஓட்டலை மூடியது. அப்போது மன்ஹாட்டனில் ஒரு ஓட்டல் அறை ஓர் ஆண்டில் சம்பாதிப்பதைக் கணக்குப் போட்டால், அதே இடத்தை அபார்ட்மெண்டாக விற்றால் கிடைப்பது எவ்வளவோ அதிகம். விற்றவுடனே பணம் கையில், பராமரிப்புச் செலவு வாங்கியவர் தலையில். எந்த வியாபாரிக்கும் இந்தக் கணக்கு பிடிக்கும். முதல் திட்டம் இன்னும் மோசமாக இருந்தது. ஓட்டல் தொழிலாளர் சங்கம் தெருவில் இறங்கியது, மேயர் ப்ளூம்பர்க் நடுவில் வந்து பேசினார், கொஞ்சம் இறங்கி வந்தார்கள். கடைசியில் 805 அறைகள் இருந்த இடத்தில் 282 ஓட்டல் அறைகளும் 181 சொந்த வீடுகளும் வந்தன. 2008இல் மறுபடி திறந்தபோது, சென்ட்ரல் பார்க்கைப் பார்த்த பக்கம் பெரும்பாலும் வீடுகளுக்குப் போயிருந்தது. அந்த 282இலும் ஒரு பெரிய பங்கு தனியாருக்கு விற்கப்பட்டவை. உரிமையாளர் ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் வரை வந்து தங்கலாம், மற்ற நாட்களில் ஓட்டல் வாடகைக்கு விட்டுக்கொள்ளும்.

வாங்கியவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 5 கோடி டாலருக்கும் மேல் விலை பேசி மேல்மாடியைப் பதிவு செய்த ஒரு ரஷ்யர், காட்டிய படத்தில் இருந்தது வேறு, கட்டிக் கொடுத்தது பரண் மாதிரி ஒரு இடம் என்று 2008இல் வழக்கே போட்டார். அது அவர் பாடு. நான் சொல்ல வந்தது வேறு.

ஓட்டலில் குடியிருப்பதை நான் எதிர்க்கவில்லை. எதிர்க்கவும் முடியாது. பிளாசா திறந்த அன்றே அங்கே வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிரந்தரமாகத் தங்க வந்தவர்கள்தான். விருந்தினர் பதிவேட்டில் முதலில் கையெழுத்துப் போட்ட ஆல்பிரட் வாண்டர்பில்ட் உட்பட. அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1901இன் குடியிருப்புச் சட்டம் அடுக்குமாடி வீடுகளின் உயரத்தைத் தெருவின் அகலத்தை வைத்துக் கட்டுப்படுத்தியது. ஓட்டலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் வீட்டில் சமையலறை வைக்காமல், சாப்பாடு கீழேயிருந்து வரும் என்று சொல்லி, 'அபார்ட்மெண்ட் ஓட்டல்' என்ற பெயரில் உயரமாகக் கட்டித் தள்ளினார்கள். 1929இல் வந்த சட்டம்தான் அந்தச் சலுகைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பிளாசாவுக்கு எதிரிலேயே 1927இல் வந்த ஷெர்ரி நெதர்லாண்டும், கொஞ்சம் தள்ளி 1930இல் வந்த பியரும் அந்தக் காலத்துப் பிள்ளைகள். இரண்டுமே 1950களில் கூட்டுறவாக மாறின. அதாவது மேலே குடியிருப்பவர்களே கட்டடத்துக்கும் ஓட்டலுக்கும் பங்குதாரர்கள். பியரில் ஓட்டலை 2005 முதல் நடத்துவது நம் டாடாக்களின் தாஜ் குழுமம். வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலின் கோபுரத்தில் முன்னாள் அதிபர் ஹூவர் பல பத்தாண்டுகள் குடியிருந்து 1964இல் அங்கேயே இறந்தார். ஜெனரல் மெக்ஆர்தரும் கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார்.

ஆக, குடியிருப்பவர்கள் எப்போதும் இருந்தார்கள். கூட்டுறவாக மாறிய சில இடங்களைத் தவிர அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள், லாபி வேறு யாருடையதாகவோ இருந்தது. வீட்டுக்குப் போகிறவரும், அறை எடுத்தவரும், மழைக்கு ஒதுங்கியவரும் ஒரே கதவு வழியாகத்தான் வந்தார்கள். சொந்த வீடாக விற்கும்போது முதலில் மாறுவது அதுதான். தனி வாசல், தனி லிஃப்ட், தனி முகவரி. பிளாசாவின் வீடுகளுக்கு இப்போது முகவரி '1 சென்ட்ரல் பார்க் சவுத்'.

ஓட்டலுக்கும் வீட்டுக்கும் சட்டத்திலேயே ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. வழிப்போக்கர் வந்து அறை கேட்டு, அறையும் காலியாக இருந்து, கொடுக்கப் பணமும் வைத்திருந்தால், விடுதிக்காரர் காரணமில்லாமல் போ என்று சொல்லக் கூடாது. இது இங்கிலாந்துப் பொதுச் சட்டக் காலத்திலிருந்து வரும் கடமை. நிறத்தையோ மதத்தையோ சொல்லித் தடுக்கக் கூடாது என்று 1964இன் குடிமை உரிமைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அட்லாண்டா மோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தனி வீட்டுக்கு இப்படி ஒரு கடமை கிடையாது. இருக்கவும் கூடாது. கூட்டுறவுக் குடியிருப்புகளிலோ, பாரபட்சம் காட்டக் கூடாது என்ற சட்டம் இருந்தாலும், வாங்க வருகிறவரைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்புவது நெடுங்காலமாகப் பழகிப்போன விஷயம். எனவே ஓட்டல் அறை ஒவ்வொன்றும் வீடாக மாறும்போது, நகரத்தில் 'யார் வந்தாலும் ஏற்க வேண்டும்' என்ற இடத்தில் ஒரு துண்டு குறைந்து, 'எனக்குப் பிடித்தால்தான்' என்ற இடத்தில் ஒரு துண்டு கூடுகிறது. சத்திரத்தை வாங்கி அறை அறையாகப் பிரித்துப் பத்திரம் போட்டுவிட்டு, திண்ணையை மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டினால் எப்படி இருக்கும்? அந்தத் திண்ணையைத்தான் நீங்கள் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் உட்கார யாருக்கு உரிமை என்று கேட்டால் பதில் இல்லை.

இப்போது அந்த வழக்குக்கு வருகிறேன். அது ஓட்டல் வழக்கில்லை. ஆனால் ஓட்டல்களின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது.

346 பிராட்வே. நியூயார்க் லைஃப் காப்பீட்டு நிறுவனத்தின் பழைய தலைமையகம். மெக்கிம், மீட் அண்ட் ஒயிட் நிறுவனத்தின் கைவண்ணம். உச்சியில் ஒரு கடிகாரக் கோபுரம். உள்ளே ஹாவர்ட் நிறுவனம் செய்த, கையால் சாவி கொடுக்க வேண்டிய பிரம்மாண்டமான கடிகார இயந்திரம். நின்றுபோய்க் கிடந்த அதை நகராட்சி ஊழியர்கள் இரண்டு பேர் சொந்த நேரத்தில், சொந்த ஆர்வத்தில் பழுது பார்த்து ஓட வைத்தார்கள். வாரம் தவறாமல் ஏறிப்போய் சாவி கொடுத்தார்கள். பார்க்க ஆசைப்பட்டவர்களை மேலே அழைத்துப்போய்க் காட்டினார்கள். 1987இல் நீங்கள் கட்டடத்தோடு கடிகார அறையையும் சின்னமாக அறிவித்தீர்கள். 2013இல் நகராட்சி அந்தக் கட்டடத்தை விற்றது. வாங்கியவர்களில் ஒருவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பிளாசாவை வாங்கிய அதே எலாட் குழுமம்தான். கடிகாரக் கோபுரத்தை மூன்றடுக்குத் தனி வீடாக்குவது, கடிகாரத்தை மின்சாரத்தில் ஓட்டுவது என்பது திட்டம். 2014 டிசம்பரில் நீங்கள் அனுமதி கொடுத்தீர்கள்.

அந்த விசாரணையில் உறுப்பினர்கள் சிலருக்கே மனசு கேட்கவில்லை. கடிகாரத்தை இயந்திரமாகவே ஓட்டச் சொல்ல முடியாதா, மக்கள் வந்து பார்க்க வழி வைக்க முடியாதா என்ற கேள்வி எழுந்தது. ஆணையத்தின் சட்ட ஆலோசகர், அப்படிக் கட்டாயப்படுத்த உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார். பாதுகாப்பு ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம். மேல்முறையீட்டு அமர்வும் அவர்கள் பக்கம். 2019 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச அமர்வு இரண்டையும் மாற்றி, ஆணையம் கொடுத்த அனுமதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. நீதிபதிகள் சட்டத்தில் இருப்பதைத்தான் படிக்க முடியும். ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த நாளே நீங்கள் நகர மன்றத்துக்குப் போய், 'ஐயா, எங்கள் கையில் அதிகாரம் இல்லையாம், கொடுங்கள்' என்று கேட்டிருக்க வேண்டும். வழக்கில் ஜெயித்த நிம்மதியோடு விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு இதுதான் உறுத்துகிறது. தனக்கு அதிகாரம் இல்லை என்று வாதாடி வென்ற ஒரு அமைப்பை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

இனி வால்டார்ஃப். பழைய வால்டார்ஃப் 34ஆம் தெருவில் இருந்தது. அதை இடித்த இடத்தில்தான் எம்பயர் ஸ்டேட் எழுந்தது. புதியது 1931 அக்டோபர் 1 அன்று பார்க் அவென்யூவில், ரயில் தண்டவாளங்களுக்கு மேலே திறந்தது. 2015இல் சீனாவின் அன்பாங் காப்பீட்டு நிறுவனம் 195 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஓர் ஓட்டலுக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. 2017 மார்ச் 1 அன்று மூடினார்கள். மார்ச் 7 அன்று நீங்கள் உள்ளே இருக்கும் கூடங்களைச் சின்னமாக அறிவித்தீர்கள். பொதுமக்கள் வழக்கமாக வந்துபோகும் இடம் என்று சொல்லி அறிவித்தபோது, அங்கே பொதுமக்கள் வருவது நின்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. மறுபடி ஒருவர் உள்ளே போக எட்டு ஆண்டுகள் ஆகின. அதற்குள் அன்பாங் தலைவர் சீனாவில் சிறைக்குப் போனார், நிறுவனத்தை அந்நாட்டு அரசே எடுத்துக்கொண்டது, சொத்து வேறொரு காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. சுமார் 1,400 அறைகள் இருந்த ஓட்டல் 2025இல் 375 அறைகளோடு திறந்தது. மேலே கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் சொந்த வீடுகள்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வேலை நன்றாக வந்திருக்கிறது. லூயி ரிகால் வடிவமைத்த, ஏறத்தாழ 1,48,000 துண்டுப் பளிங்குகள் பதித்த அந்தத் தரை ஓவியம், 1893 சிகாகோ கண்காட்சியிலிருந்து வந்த பெரிய கடிகாரம், பீகாக் ஆலி எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. பீகாக் ஆலி என்பது பழைய வால்டார்ஃபின் காலத்திலிருந்தே பேர் போன நடை. நன்றாக உடுத்தியவர்கள் தங்களைக் காட்டிக்கொள்ள நடப்பார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க உட்காருவார்கள். இன்றைக்கு அங்கே யாரும் போகலாம். இது நல்ல செய்திதான். ஆனால் இன்றைய உரிமையாளருக்கு அது லாபம் என்பதால்தான் அந்தக் கதவு திறந்திருக்கிறது. நாளைக்கு மேலே குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து, லாபியில் கூட்டம் அதிகம், எங்கள் வீட்டு விலை குறைகிறது என்று சொன்னால் நீங்கள் என்ன செய்ய முடியும்? பளிங்கைப் பெயர்க்காதே என்று சொல்ல முடியும். அவ்வளவுதான்.

உரிமையாளர் நல்லவர், பார்த்துக்கொள்வார் என்று நம்பிப் பயனில்லை. உரிமையாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பிளாசாவைப் பாருங்கள். 1988இல் டொனால்ட் டிரம்ப் 40 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கினார், கடனில் மூழ்கினார், 1995இல் கைமாறியது. வாங்கியவர்கள் ஒரு சிங்கப்பூர் நிறுவனமும் ஒரு சவுதி இளவரசரும். பிறகு எலாட். 2012இல் நம் ஊர் சஹாரா குழுமம். அந்தக் கதை தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலீட்டாளர்களின் பணத்தைத் திருப்பித் தராத வழக்கில் சுப்ரதா ராய் 2014இல் திகார் சிறைக்குப் போனார். ஜாமீன் பணம் திரட்ட நியூயார்க் ஓட்டலை விற்கச் சிறைக்குள்ளிருந்தே பேச்சுவார்த்தை நடந்தது. இந்தியாவில் மாதா மாதம் சீட்டுக் கட்டுவதைப் போல் பணம் போட்டவர்களின் வழக்கும், ஐந்தாவது அவென்யூவில் ஒரு மரப்பலகை அறையின் எதிர்காலமும் ஒரே முடிச்சில் சிக்கியிருந்தன. 2018இல் கத்தார் அரசுக்குச் சொந்தமான கட்டாரா நிறுவனம் வாங்கியது. முப்பது ஆண்டுகளில் எத்தனை கை! ஆகவே கடமை ஆளோடு இருந்தால் நிற்காது, கட்டடத்தோடு போக வேண்டும். சொத்துப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

'இந்த அறைகள் எப்போது ஏழைகளுக்குத் திறந்திருந்தன?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாம் கோர்ட்டில் ஒரு டீக்குக் கொடுக்கிற காசில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். ஆனால் லாபிக்குக் கட்டணம் இருந்ததில்லை. ஊரிலிருந்து உறவினர்கள் வரும்போது இந்த நகரத்தில் காசில்லாமல் காட்டக்கூடிய அழகான இடங்களில் பழைய ஓட்டல் லாபிகள் முக்கியமானவை. அண்ணாந்து பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், கழிப்பறைக்குப் போவார்கள் (இதைச் சிரிக்காமல் படியுங்கள், மன்ஹாட்டனில் அதைவிடப் பெரிய பொதுச்சேவை கிடையாது), வெளியே வருவார்கள். வீடுகளாக மாறிய ஒரு பழைய ஓட்டலில், பெயர் வேண்டாம், என் மாமியாரும் நானும் உள்ளே நாலடி வைப்பதற்குள் 'யாரைப் பார்க்க வந்தீர்கள்?' என்று மிக மரியாதையாகக் கேட்டார்கள். யாரையும் இல்லை என்றதும் அதே மரியாதையோடு வாசலைக் காட்டினார்கள். அந்தக் காவலர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் வேலையைத்தான் செய்தார். மாமியார் மட்டும், 'இவ்வளவு பெரிய கூடத்தை யாருக்காகத்தான் துடைத்து வைத்திருக்கிறார்கள்?' என்று கேட்டார்.

'பூட்டி வைத்தாலும் அறை பத்திரமாக இருக்கிறதே, அது போதாதா?' என்பது இன்னொரு பதில். இதில் உண்மை உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். புரூக்ளினில் கேஜ் அண்ட் டால்னர் உணவகம் இருக்கிறது. 1975இலேயே அதன் உள்ளறைக்குப் பாதுகாப்பு கொடுத்தீர்கள். 2004இல் அது மூடியது. அதே கூடத்தில் துரித உணவுக் கடைகள் வந்துபோயின, நகைக் கடை வந்தது, சுவர்களை மறைத்தார்கள். ஆனால் அந்த வளைவுகளும் கண்ணாடிகளும் உள்ளே அப்படியே இருந்தன. 2021இல் அதே பெயரில் உணவகமாக மறுபடி திறந்தது. உங்கள் ஆணை இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. ஆனால் கவனியுங்கள், இடையில் அது எதுவாக இருந்தாலும் கடையாக இருந்தது. கடை போனால் இன்னொரு கடை வரும். வீடாகப் பத்திரம் போட்ட இடம் அப்படித் திரும்புவது ரொம்ப அபூர்வம். நூறு பேருக்கு விற்ற பிறகு அவர்களில் பெரும்பாலோரையும் சம்மதிக்க வைக்க வேண்டும்.

மூன்றாவது பதில்தான் கனமானது. தனியார் சொத்துக்குள் வெளியாளை விடச் சொல்வது அரசியல் சட்டப்படி சொத்தைப் பறிப்பதற்குச் சமம் என்பார்கள். தொழிற்சங்க ஆட்களைப் பண்ணைக்குள் விடச் சொன்ன விதியை எதிர்த்த கலிஃபோர்னியா நாற்றுப் பண்ணை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில், ஏற்கெனவே பொதுமக்களுக்குத் திறந்து வைத்த வணிக இடங்களை அது தனியாகத்தான் பார்த்தது. அது போகட்டும். அந்த வழிக்கே நாம் போக வேண்டாம். கட்டாயப்படுத்தாமல் கொடுக்கல் வாங்கலாக வைக்கலாம். இந்த ஊருக்கு அது புதிதில்லை.

1961 முதல் நீங்கள், அதாவது இந்த நகர நிர்வாகம், அதைத்தானே செய்கிறது? கூடுதலாகச் சில மாடிகள் கட்டிக்கொள், பதிலுக்கு ஒரு சதுக்கத்தையோ கூடத்தையோ பொதுமக்களுக்கு விடு என்று. அப்படி 500க்கும் மேற்பட்ட பொது இடங்கள் தனியார் கட்டடங்களில் இருக்கின்றன. சுக்கோட்டி பார்க் அப்படி ஒன்று. பிளாசாவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் டிரம்ப் டவரின் உள்கூடம் இன்னொன்று. காலை 8 முதல் இரவு 10 வரை யாரும் போய் உட்காரலாம். பெஞ்சை எடுத்துவிட்டுக் கடை போட்டார்கள், நகராட்சி அபராதம் விதித்தது, பெஞ்ச் திரும்பி வந்தது. பொதுமக்களின் உரிமை எழுத்தில் இருந்ததால்தான் ஒரு பெஞ்சுக்காக அபராதம் போட முடிந்தது. ஓக் ரூமுக்கு அப்படி ஒரு வரிகூட எங்கும் எழுதப்படவில்லை.

பாரம்பரியச் சின்னங்களின் உரிமையாளர்கள் சும்மா இருப்பதில்லை. கட்டிக்கொள்ள உரிமை இருந்தும் பயன்படுத்தாத உயரத்தைப் பக்கத்து மனைக்கு விற்க அனுமதி கேட்கிறார்கள். ஓட்டலை வீடாகவோ கடையாகவோ மாற்ற, எங்கே என்ன இருக்கலாம் என்று சொல்லும் மண்டல விதிகளில் விலக்கு கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது, கட்டடத்தைப் பராமரிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று நீங்கள்தான் சான்று தருகிறீர்கள். அந்தச் சான்றில் இன்னும் இரண்டு வரி சேர்த்தால் என்ன? சின்னமாக அறிவிக்கப்பட்ட உள்ளறைகள் வாரத்தில் இத்தனை நாள், இத்தனை மணி நேரம், எதையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லாமல் திறந்திருக்கும் என்று. தினமும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நடன மண்டபத்தில் கல்யாணம் நடக்கும் நாளில் யாரும் உள்ளே போக வேண்டாம். மாதத்தில் சில நாட்கள், முன்கூட்டி அறிவித்த நேரம், வாசலில் ஒரு பலகை. வீட்டுக்காரர்களின் லிஃப்டும் தாழ்வாரமும் எங்களுக்கு வேண்டாம். அவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க யாருக்கும் ஆசையில்லை.

சலுகை எதுவும் கேட்காத உரிமையாளருக்கு என்ன செய்வது என்றால், அதற்குச் சட்டம்தான் திருத்த வேண்டும். சின்னமாக அறிவித்த உள்ளறையின் பயன்பாட்டைப் பொதுவிலிருந்து தனியாருக்கு மாற்றுவதும் ஆணையத்தின் அனுமதி வேண்டிய மாற்றம்தான் என்று நகர மன்றம் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால் போதும். அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் பிறகு உங்கள் விருப்பம். குறைந்தது ஒரு பொது விசாரணையாவது நடக்கும், ஏன் பூட்டுகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். 2015இல் இதே நகர மன்றம் மன்ஹாட்டனின் பெரிய ஓட்டல்கள் தங்கள் அறைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீடாக்கக் கூடாது என்று சில ஆண்டுகளுக்குத் தடை போட்டது. ஆக, அவர்களுக்கு இந்தக் கவலை தெரியாதது இல்லை. அப்போது அது தொழிலாளர்களின் வேலைக்காக. அதுவும் நியாயமான காரணம்தான். 805 அறைகளைப் பெருக்கித் துடைத்தவர்களின் கைகளில் எத்தனை கைகள் 282 அறைகளுக்குத் தேவைப்பட்டிருக்கும்?

இதோடு இன்னொன்று. உங்கள் பட்டியலில் சுமார் 120 உள்ளறைகள் இருக்கின்றன. அவற்றில் எவை இன்று திறந்திருக்கின்றன, எவை பூட்டியிருக்கின்றன, எது எப்போது பூட்டியது என்று ஒரு அட்டவணையை இணையத்தில் போடுங்கள். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஒரு ஊழியர், ஒரு தொலைபேசி, சில வாரங்கள். அந்தப் பட்டியல் வந்தாலே பாதி விவாதம் தானாக நடக்கும்.

நீங்கள் 11 பேர். தலைவரைத் தவிர மற்றவர்கள் சம்பளம் வாங்காமல் வந்து உட்காருகிறீர்கள் என்பது தெரியும். அதற்கு நன்றி. செவ்வாய்க்கிழமை விசாரணைகளில் பொதுமக்களுக்குக் கிடைப்பது ஆளுக்கு மூன்று நிமிடம். அதில் இவ்வளவையும் சொல்ல முடியாது என்பதால் எழுதினேன். உள்ளறைகளில் பொதுமக்கள் நுழைவு என்பதை ஒரு தனிப் பொருளாக எடுத்து விசாரணைக்குத் தேதி குறியுங்கள். அன்றைக்கு வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வருகிறேன். மாமியார் அப்போது ஊரில் இருந்தால் அவரும் வருவார். அவருக்கும் மூன்று நிமிடம் ஒதுக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்த நகரத்தில் வரி கட்டும் ஒரு தமிழன்